கொம்பில்லாத கர்னல்

அந்த மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் கடிதம் தொலைவது அதிசயமில்லை. கோப்பு தொலையும், கோப்பைத் தேடப் போனவர் தொலைவார், தேடச் சொன்ன உத்தரவும் கொஞ்ச நாளில் தொலையும். ஆனால் ஓர் எழுத்தின் கொம்பு மட்டும் தொலைந்து, அதனால் உலகத்திலேயே இல்லாத ஒரு மனிதருக்கு நாற்காலியும் பெயர்ப்பலகையும் காலை பத்தரை மணித் தேநீரும் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

கடிதத்தை எழுதியவர் அடித்தளத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். ரிப்பேர்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவருடைய அக்கா அதே கட்டடத்தில் நாலாம் மாடியில், நீண்டகால வார்டில், எட்டாம் கட்டிலில் இரண்டு வருடமாக இருந்தாள். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொண்டிருந்த நோய். மூச்சு விடும் தசையும் நின்ற பிறகு தொண்டையில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் ஓர் இயந்திரம். அது மூச்சு கொடுக்கும் நேரத்தில் மட்டும் பேச முடியும். நாலு சொல், ஒரு நிறுத்தம், மறுபடி நாலு சொல். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் என்பதால் நாலு சொல்லுக்குள் முடிப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. நாலில் ஒன்று கிண்டலாக இருக்கும்.

இயந்திரத்தின் மூளை உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு போர்டு. முழுக் கணினியும் அதற்குள்ளேயே அடக்கம். அதில் ஓடிய இயக்க மென்பொருள் நல்லதுதான். குணம் மட்டும் அலுவலகக் குணம். கையில் ஒரு வேலை இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கும். தினமும் காலை பதினோரு மணிக்கு எல்லா இயந்திரங்களும் தலைமை அலுவலகத்துக்கு நிலவர அறிக்கை அனுப்ப வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டதிலிருந்து, சரியாகப் பதினோரு மணிக்கு அது அறிக்கை எழுத உட்கார்ந்துவிடும். மூச்சு கொடுப்பதை நிறுத்தாது. அதை வேறொரு சில்லு பார்த்துக்கொண்டது. காது மட்டும் அடைத்துப்போகும். சில நாள் அரை நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். அந்த நேரம் பார்த்துக் குழாய் கழன்றால் எச்சரிக்கை மணி அடிக்காது. அறிக்கை முடிந்த பிறகுதான் அடிக்கும்.

ரிப்பேர்காரர் இதைக் கண்டுபிடித்த அன்றே, பதினோரு மணி அறிக்கையை நிறுத்தச் சொல்லி எழுதினார். 'அறிக்கை அனுப்பாத இயந்திரம் இயங்காத இயந்திரமாகக் கருதப்பட்டுக் கிடங்குக்கு மாற்றப்படும்' என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் தினமும் பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நாலாம் மாடிக்குப் போய், அக்காவின் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடம் கழித்து இறங்குவார். அந்தப் பத்து நிமிடம் இருக்கையில் இல்லாததற்காக அவருக்கு மாதம் ஒரு மெமோ வந்தது.

"காவல் காக்கிறியா," என்பாள் அக்கா. "சினிமா பாக்கிற மாதிரி... பாக்கிறியே. குழாய்ல என்ன... படமா ஓடுது?"

"பேசாம இரு. மணி பதினொண்ணு."

"பேசாம இருக்கத்தான்... ரெண்டு வருஷமா... பழகறேன்."

வழி இல்லாமல் இல்லை. இயக்க மென்பொருளின் கருவுக்குக் கெர்னல் என்று பெயர். சாதாரணக் கெர்னலை எடுத்துவிட்டு நிகழ்நேரக் கெர்னலைப் போட்டால், எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே கீழே போட்டுவிட்டு மணியை அடிக்க ஓடும். அதன் பெருமை வேகத்தில் இல்லை, வாக்கில் இருக்கிறது. இத்தனைக்குள் வருவேன் என்று சொன்னால் வரும்.

அடித்தளத்தில் அதே மாதிரி ஒரு பழைய போர்டை வைத்துக்கொண்டு மூன்று வாரம் போராடினார். முதல் வாரம் போர்டு உயிரே காட்டவில்லை. திரை கறுப்பு. ஒரு மெல்லிய கம்பி வழியாக அது முணுமுணுக்கும் ஒரே வரியை மடிக்கணினியில் படித்துப் படித்து, கடைசியில் வேறு மாதிரிப் போர்டுக்கான விவரக் கோப்பை ஏற்றியிருக்கிறோம் என்று புரிந்து தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாம் வாரம் எழுந்தது. ஆனால் நடுநடுவே விக்கியது. வயர்லெஸ் சில்லு காற்றில் யாரையோ தேடிக்கொண்டே இருந்ததுதான் காரணம். அதன் வாயை அடைத்தார். மூன்றாம் வாரம் ஒரு துண்டுக் குழாயையும் ஒரு மணியையும் பொருத்தி, குழாயைப் பிடுங்கினார். பிடுங்கிய விரல் திரும்புவதற்குள் மணி அடித்தது. வேண்டுமென்றே அதை ஆயிரம் அறிக்கை எழுத வைத்துவிட்டுப் பிடுங்கினார். அப்போதும் அடித்தது. நான்கு நாள் விடாமல் ஓட்டியதில் மிக அதிகத் தாமதம், ஒரு வினாடியைப் பத்தாயிரமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு.

வார்டில் இருந்த பன்னிரண்டு இயந்திரங்களும் நிர்வாகத்தின் முத்திரை போட்டு மூடியவை. அனுமதி இல்லாமல் முத்திரையை உடைத்தால் இயந்திரம் விசாரணைக்காகக் கிடங்குக்குப் போகும். மாற்று இயந்திரம் இல்லை. ஆகவே கடிதம் எழுதினார்.

'மூச்சு இயந்திரங்களின் சிங்கிள் போர்டில் நிகழ்நேரக் கெர்னலை ஏற்ற அனுமதி வேண்டுதல்.'

கடிதங்களில் வேற்று எழுத்து கலக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அதை மதித்துத்தான் கெர்னலைத் தமிழ் எழுத்தில் எழுதினார். பிரதி எடுத்த தட்டச்சர் பொறுப்பான பெண்மணி. "கெர்னல்னு தப்பா எழுதியிருந்தீங்க சார், திருத்திட்டேன்," என்றார். க-வுக்கு முன்னால் இருந்த கொம்பை எடுத்துவிட்டிருந்தார். அவர் மாமனார் ராணுவத்தில் இருந்தவர். கர்னலுக்கு எழுத்துக்கூட்டுவதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

ரிப்பேர்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவிடம் நகலைக் காட்டினார். அவள் கண் நேராக அந்த இடத்தில் போய் நின்றது.

"கொம்பு போச்சுடா."

"ஒரு கொம்புதானே அக்கா."

"ஒரு கொம்புல... ஒரு அமைச்சரையே... மன்னிப்புக் கேக்க வெச்சிருக்கேன். போய்த் திருத்து."

அவர் போவதற்குள் கோப்பு நகர்ந்துவிட்டிருந்தது. அந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. பத்தாம் நாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் கோப்பு துணி சுற்றி இருந்தது.

"உக்காருங்க," என்றார் கண்காணிப்பாளர். அடித்தளத்து ஆளை அவர் உட்காரச் சொன்னதே கிடையாது. "கர்னலை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"சார்?"

"நம்ம நிர்வாக போர்டுல ஏத்தணும்னு எழுதியிருக்கீங்களே. நல்ல யோசனை. ரொம்ப நாளா ஒழுக்கமான ஒரு ஆள் இல்லாமத்தான் போர்டு தள்ளாடுது. நிகழ்நேரக் கர்னல்னா, இன்னும் ஓய்வு பெறாதவர். அதானே?"

"சார், இது ஆள் இல்ல. மென்பொருள்."

"மென்மையானவரா? அப்ப இன்னும் நல்லது."

ரிப்பேர்காரர் கால் மணி நேரம் விளக்கினார். கண்காணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்த அலுவலகத்தில் யாருமே கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். கேட்டு முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"புரியுது சார். ஆனா ஒண்ணு கேளுங்க. தப்புன்னு நான் எழுதினா இந்தக் கோப்பு மூடிடும். நீங்க புதுசா எழுதணும். மென்பொருள் கோப்பெல்லாம் வருஷக்கணக்கா வரிசையில நிக்குது. இது கர்னல் கோப்பு, அதான் ஓடுது. கடைசியில என்ன உத்தரவு வரும்? 'கர்னலை போர்டில் ஏற்ற அனுமதிக்கப்படுகிறது.' உங்களுக்கும் அதே வாசகம்தானே வேணும்? எந்தக் கர்னல், எந்த போர்டுன்னு உத்தரவுல யார் கேக்கப் போறா?"

ரிப்பேர்காரர் யோசித்தார். வருடக்கணக்கு என்பது அக்காவிடம் இல்லாத கணக்கு. வாயை மூடிக்கொண்டு எழுந்தார். பிற்பாடு அவர் தன்னைத் திட்டிக்கொண்டதெல்லாம் அந்த நிமிடத்தை நினைத்துத்தான்.

அடுத்து ஒரு படிவம் வந்தது, கர்னலின் விவரம் கேட்டு. பொய் எழுதக் கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார். வயது: ஐந்து மாதம். எடை: இல்லை. உணவு: ஐந்து வோல்ட். தூக்கம்: தேவையில்லை. பணியில் அதிகபட்சத் தாமதம்: வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. படிவத்தை மூன்று குழுக்கள் பரிசீலித்தன. முதல் குழு, வயது ஐந்து மாதம் என்பது ஓய்வுக்கு மீதமிருக்கும் காலம் என்று முடிவு செய்தது. இரண்டாம் குழு, வோல்ட் என்பது பத்திய உணவு என்று குறித்து, சிற்றுண்டிச்சாலைக்கு நகல் அனுப்பியது. சிங்கிள் என்று மனுவிலேயே இருப்பதால் குடும்பக் குடியிருப்பு ஒதுக்கத் தேவையில்லை என்றது மூன்றாம் குழு.

போர்டு கூடும் அறையில் ஒரு நாற்காலி போடப்பட்டது. கர்னல் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. முதல் தடவை 'அனுமதியுடன் விடுப்பு'. இரண்டாம் தடவை, அவர் எதையும் எதிர்க்காததைப் பாராட்டி ஒரு தீர்மானம். அவருக்கு வைத்த தேநீரை யாரோ குடித்துவிட்டதால் கோப்பையும் காலியாகவே திரும்பியது. வருகைக்கு அதுவே சான்று என்றார்கள்.

ரிப்பேர்காரர் இதையெல்லாம் பதினோரு மணிக் காவலின்போது அக்காவிடம் சொல்வார். சிரிப்பதற்கும் அவள் இயந்திரத்தின் மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும். கண் முதலில் சிரிக்கும். சத்தம் தவணையில் வரும்.

"அவரை எனக்கு... ரொம்பப் பிடிச்சிருக்குடா. பேச மாட்டார். சாப்பிட மாட்டார். சொன்ன நேரத்துக்கு... வருவார். இப்படி ஒருத்தரை... அப்பா பாத்திருந்தா... நானும் கல்யாணம் பண்ணியிருப்பேன்."

"வரட்டும். வந்ததும் உன் பக்கத்துலயே உக்கார வெக்கிறேன்."

"சீக்கிரம் வரச் சொல்லு. முக்காலில உக்காந்து... உனக்கு முதுகு கோணுது."

ஏழாம் மாதம் உத்தரவு தயாரானது. ஆனால் பதவியேற்பு விழாவில், இயக்குநரின் கையால்தான் கொடுக்கப்படும். கர்னல் வர முடியாவிட்டால் அவரைப் பரிந்துரைத்தவர் நேரில் பெற்றுக்கொள்ள வேண்டும். விழா காலை பதினோரு மணிக்கு.

ரிப்பேர்காரர் கண்காணிப்பாளரிடம் ஓடினார். "சார், பத்தரைக்கு வெச்சுக்கலாமா? இல்ல பன்னெண்டுக்கு?"

"பதினொண்ணுன்னு அச்சடிச்சாச்சே."

"அந்தப் பத்து நிமிஷம் மட்டும்தான் சார் என்னால முடியாது."

"கர்னலுக்கு உத்தரவு வாங்கற அன்னிக்கே லேட்டா வருவீங்களா? நல்லா இருக்காது. இயக்குநர் நேரம் தவறாதவர்."

அன்று காலை அவர் வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். சிஸ்டர் நல்ல மாதிரி. "போய்ட்டு வாங்க அண்ணே, நான் பாத்துக்கறேன்," என்றார். பன்னிரண்டு கட்டிலுக்கு அன்று அவர் ஒருவர்தான். மற்ற மூன்று பேரை விழாவுக்கு வரிசையில் நிற்க அழைத்திருந்தார்கள்.

"போடா," என்றாள் அக்கா. "ஒரு நாள்தானே. சட்டைப் பித்தானை... மாத்திப் போட்டிருக்கே. சரி பண்ணு."

அவர் சரி செய்துகொண்டார். கதவருகே போனபோது இயந்திரம் அவளுக்கு இன்னொரு மூச்சு கொடுத்தது.

"கர்னலைக் கேட்டேன்னு சொல்லு."

விழா அரங்கில் பதினோரு மணிக்கு இயக்குநர் இல்லை. மேடையில் காலி நாற்காலி, அதன் முன்னால் 'கர்னல்' என்ற பலகை. ரிப்பேர்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைப் பார்த்துப் பழகிய கண் அது. பதினொன்று இரண்டு. பதினொன்று நான்கு. பதினொன்று ஐந்து ஆனதும் மூச்சு விட்டார். அபாயம் கடந்த நேரம்.

பதினொன்று இருபதுக்கு இயக்குநர் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நேரம் என்பது உயிர்," என்று ஆரம்பித்தார். "நான் இருபது நிமிடம் தாமதம் என்று சிலர் நினைக்கலாம். இல்லை. நான் எங்கே இருக்கிறேனோ அங்கேதான் நிகழ்ச்சி தொடங்குகிறது. நமது நிறுவனத்தில் எந்த நோயாளியும் காத்திருப்பதில்லை. அவர்களைப் பதிவேட்டில் ஏற்றிய நிமிடத்திலிருந்து அவர்கள் கவனிக்கப்பட்டவர்களாகவே கருதப்படுகிறார்கள். இன்று காலைகூட நாலாம் மாடியின் பன்னிரண்டு இயந்திரங்களும் பன்னிரண்டு அறிக்கைகளை அனுப்பியுள்ளன. பன்னிரண்டிலும் ஒரே வாசகம்: நோயாளியின் நிலை சீராக உள்ளது. ஓர் அறிக்கைகூடத் தவறவில்லை. கர்னல் அவர்களே, நீங்கள் வராவிட்டாலும் உங்கள் முன்மாதிரி இங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது."

நாற்காலியைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

உத்தரவு கையில் வந்ததும் ரிப்பேர்காரர் லிஃப்டுக்கு நிற்கவில்லை. நாலு மாடியும் படியேறினார். 'சிங்கிள் போர்டில் நிகழ்நேரக் கர்னலை ஏற்ற அனுமதிக்கப்படுகிறது.' மதியத்துக்குள் ஏற்றிவிடலாம். போர்டைக் கழற்ற ஐந்து நிமிடம், சோதிக்க அரை மணி. படியில் ஏறும்போதே எந்த ஸ்குரூவை முதலில் கழற்றுவது என்று மனதில் ஓடியது.

எட்டாம் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

சிஸ்டர் சுவரில் சாய்ந்து நின்றார். "மூணாம் கட்டில்ல ஐயாவுக்கு வாந்தி அண்ணே," என்றார். "எட்டு அடிதான் தள்ளி இருந்தேன். திரும்பித்தான் நின்னேன். மணி அடிச்சதும் ஓடி வந்தேன். அடிச்சதும் வந்துட்டேன் அண்ணே."

"தெரியும்மா," என்றார் ரிப்பேர்காரர். "அடிச்சதும் வந்திருப்பீங்க."

இயந்திரத்தின் பதிவைப் பிறகு அவரே எடுத்துக் கொடுத்தார். வேறு யாருக்கும் எடுக்கத் தெரியாது. அன்று அறிக்கை வழக்கத்தைவிட நீளம். விழாவை ஒட்டி, ஒவ்வோர் இயந்திரமும் கடந்த ஏழு மாத நிலவரத்தையும் சேர்த்து அனுப்பும்படி முந்தைய நாள்தான் உத்தரவாகியிருந்தது. பதினோரு மணிக்கு எழுதத் தொடங்கியது. பதினோரு மணி ஒரு நிமிடத்துக்குக் குழாய் கழன்றது. பதினோரு மணி ஏழு நிமிடத்துக்கு, 'நிலை சீராக உள்ளது' என்று எழுதி முடித்து, அனுப்பி, அதன் பிறகு மணி அடித்தது.

அபாயம் கடந்த நேரம் என்று அவர் அரங்கில் மூச்சு விட்டபோது, அது கடந்திருக்கவில்லை.

விசாரணைக் குழு அமைத்தார்கள். மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது, அதுவும் வேகம்தான். ஒப்புதல் கையெழுத்துக்காகக் கண்காணிப்பாளரே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். உட்கார நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே நீட்டினார்.

'சம்பவத்தன்று போர்டில் கர்னல் இல்லை. கர்னல் இருந்திருந்தால் எச்சரிக்கை மணி உரிய நேரத்தில் ஒலித்திருக்கும் என்பது ரிப்பேர்காரரின் முந்தைய கடிதத்தால் தெரிகிறது. எனவே கர்னல் இல்லாமையே மரணத்துக்கு முழுக் காரணம். கடமை தவறிய கர்னல் போர்டிலிருந்து நீக்கப்படுகிறார். அவரை ஏற்றுவதற்கான உத்தரவு ரத்து செய்யப்படுகிறது.'

ரிப்பேர்காரர் மூன்று தடவை படித்தார். அந்த அலுவலகத்திலிருந்து வந்த காகிதங்களிலேயே முதல் மூன்று வரியும் முழு உண்மையாக இருந்தது அது ஒன்றில்தான். அக்கா இருந்தால் ஓரிடத்தில்தான் கை வைத்திருப்பாள்.

பேனாவைத் திறந்து, ஒவ்வொரு கர்னலுக்கும் முன்னால் கொம்பு போட்டார். நாலு இடம். நாலுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றார் கண்காணிப்பாளர், மெதுவாக.

"கொம்பு போச்சு சார். எங்க அக்கா விட மாட்டா."

கண்காணிப்பாளர் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் தட்டச்சர் சுத்தப் பிரதியோடு வந்தார். துக்கத்துக்கு மரியாதையாக அன்று அவர் பூப்போடாத சேலை கட்டியிருந்தார், குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"மனசு சரியில்லாத நேரம். நாலு இடத்துல கெர்னல்னு எழுதிட்டீங்க சார். நான் திருத்திட்டேன்."

"சரிங்க," என்று ரிப்பேர்காரர் கையெழுத்துப் போட்டார்.

தட்டச்சர் போன பிறகு மேசைப் பக்கம் திரும்பினார். சோதனைப் போர்டு ஏழு மாதத்துக்கு மேலாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதிகபட்சத் தாமதம் என்ற இடத்தில் இன்னும் அதே எண். துண்டுக் குழாயைப் பிடுங்கினார். விரல் திரும்புவதற்குள் மணி அடித்தது. பொருத்தினார், பிடுங்கினார். அடித்தது. இன்னொரு தடவை.

பக்கத்து அறையிலிருந்து யாரோ, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல," என்று குழாயைப் பொருத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றுக்கு ஏழு நிமிடம். மாடியேறினார்.

எட்டாம் கட்டிலில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். அவருடைய மனைவி காலடியில் உட்கார்ந்திருந்தாள். முக்காலியைச் சுவரோரமாக, பன்னிரண்டு குழாய்களும் கண்ணில் படுகிற மூலையில் போட்டு உட்கார்ந்த ஆளை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?"

"இப்ப பேசாம இருங்கம்மா," என்றார் ரிப்பேர்காரர். "மணி பதினொண்ணு."

பன்னிரண்டு இயந்திரங்களும் அறிக்கை எழுதத் தொடங்கின.